எலியும் பிள்ளையும்: ஓர் உவமையின் எல்லை

உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். செய்யுளுக்கு வகுத்த இவ்விதி, அறிவியலின் உவமையொன்றை மதிப்பிடவும் துணைசெய்வதாகும். அவதானக் குறைபாட்டு மிகைச்செயற்பாட்டுக் கோளாற்றை ஆராய்வோர், அக்கோளாறுடைய பிள்ளைக்கு எலியை ஒப்பாக நிறுத்துகின்றனர். இதனையே ‘விலங்கு மாதிரி’ என்பர். இங்கு மெய்யும் உருவும் ஒவ்வாமை வெளிப்படை. வினையும் பயனுமே ஆராயத்தக்கன.

முதலாவது வினை. 1963 இல் யப்பானியரான ஒக்கமொட்டோவும் அயோக்கியும் உயர் குருதியமுக்க ஆய்வுக்கென ஓர் எலியினத்தை உருவாக்கினர். ஓயாத ஓட்டமும் பொறுமையின்மையும் கண்டு, பின்னர் அதுவே இக்கோளாற்றின் மாதிரியாயிற்று. நோர்வே அறிஞர் தெரியே சாக்வொல்டன் அதனை முன்னின்று ஆதரித்தார். ஆயின், அதனோடு ஒப்பிடப்பட்ட விஸ்டார் கியோத்தோ எலியோ இயல்பிலேயே மந்தமானது. மனச்சோர்வின் மாதிரியாகவும் கொள்ளப்படுவது. மந்தமானதன் அருகே நிறுத்தின் இயல்பானதும் மிகையாகத் தோன்றுமன்றோ!

அடுத்தது பயன். பிள்ளையை அமைதிப்படுத்தும் ஊக்கிமருந்து எலியையும் அமைதிப்படுத்தின், இரண்டும் ஒரே கோளாறு எனக் கொள்வர். ஆனால் 1978 இல் ஜூடித் ரப்போபோர்ட் குழுவினர் கோளாறற்ற சிறுவர்க்கு அம்பெட்டமின் வகை மருந்தொன்றை அளித்தபோது, அவர்களிடத்தும் அசைவு குறைந்து அவதானம் கூடிற்று. 1999 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், டொபமினை மீள உள்ளெடுக்கும் புரதம் நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தனர். ஊக்கிமருந்தும் செரொற்றோனின் சார்ந்த மருந்தும் அவற்றை அமைதிப்படுத்தின. நோரட்ரினலின் சார்ந்த மருந்து பயன்தரவில்லை. பிள்ளைகளுக்கோ நோரட்ரினலின் வழிச் செயற்படும் அற்றொமொக்செற்றின் பின்னாளில் ஏற்புடைய மருந்தாயிற்று.

இதனால் மாதிரி வீண் என்பது பொருளன்று. பிள்ளையின் மூளையிற் செய்யலாகாத சோதனைகளுக்கு அது இடந்தருகின்றது. தாமதித்த வெகுமதி விரைவில் வலுவிழக்கும் என்ற சாக்வொல்டனின் விளக்கம், உடனடிப் பாராட்டின் தேவையை ஆசிரியர்க்கு உணர்த்தவல்லது.

எனினும் எல்லை உண்டு. கோளாற்றின் அறிகுறிகள் வீடு, பள்ளி போன்ற இரு சூழல்களிலேனும் காணப்படல் வேண்டும் என்பது 2013 ஆம் ஆண்டின் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் விதி. எலிக்குக் கூடு ஒன்றே உலகம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நெருக்கமான வகுப்பறையில் ‘குழப்படிக்காரன்’ எனப் பெயரெடுத்த பிள்ளைக்கு வீடு, மொழி, ஆசிரியர், உறக்கம் எனப் பல சூழல்கள் உள. அவற்றை விசாரியாது எலியாய்வின் துணைகொண்டு பெயரிடுதல் தகாது. ‘போல’ என்னும் உருபு உள்ளவரையே அது உவமை. அவ்வுருபை மறந்தால் அதற்கு விலைகொடுப்பது பிள்ளையே.