இழுவையா, குதிரையா? ரெண்டும்தான் சாமி!

வன்னியம்பட்டி விலக்கில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். மேற்கே மலை, கண்ணெதிரே மதுரை–கொல்லம் ரோடு. ஒரு பழைய மாருதி 800 விருட்டென்று போகும். அதன் பின்னாலேயே டிரெய்லர் கொள்ளாமல் கரும்பை ஏற்றிக்கொண்டு ஒரு மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் டுபுடுபு என்று வரும். இப்போது சொல்லுங்கள், இதில் எந்த வண்டிக்கு எச்.பி. அதிகம்? மாருதிக்குத்தான் அய்யா! பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. மாடல் மாருதிக்கு 37, நம்ம சென்னை டாஃபே கம்பெனி டிராக்டருக்கு 36. இது தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் எழுப்பிச் சொல்லிப் பார்த்தேன், திட்டு விழுந்தது. விழட்டுமே! முப்பத்தாறு குதிரை கரும்பு லோடை இழுக்குது, முப்பத்தேழு குதிரை நாலு பேரையும் ஒரு பையையும் ஏற்றினாலே மேட்டில் முக்குது, இதற்குப் பிறகும் ஒரு மனுசன் எப்படித் தூங்குவான்?

விஷயம் டார்க்கில் இருக்கிறது. முறுக்கு விசை. லாரிக்காரர்கள் அழகாக 'இழுவை' என்பார்கள். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரை போல்ட்டில் மாட்டி, அதன் நுனியில் ஏறக்குறைய பத்து கிலோவைத் தொங்கவிட்டால் போல்ட்டின் மேல் விழுகிற முறுக்கு 100 நியூட்டன் மீட்டர். அவ்வளவுதான் டார்க். அது எத்தனை வேகமாகச் சுற்றுகிறது என்ற கேள்வியே அதில் கிடையாது. குதிரைத்திறனுக்கு அந்தக் கேள்விதான் உயிர். ஒரு வேலையை எத்தனை சீக்கிரம் முடிக்கிறாய் என்பதுதான் அதன் கணக்கு. 75 கிலோ அரிசி மூட்டையை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு பி.எஸ்., அதாவது மெட்ரிக் குதிரைத்திறன். ஜேம்ஸ் வாட் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதுதான், அவருடைய குதிரை ஒரு பிடி கூடுதல் பலம். டார்க்கையும் குதிரைத்திறனையும் கட்டிப்போடுகிற சூத்திரம் இருக்கிறதே, அதை நான் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்: நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்.மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பி.எஸ்.!

இதைத் தேரில் வைத்துப் பாருங்கள், நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரில்! தேர் நிலையில் நிற்கிறது. வடம் முறுக்கேறி விறைத்து நிற்கிறது, கோவிந்தா கோஷம் வானத்தைப் பிளக்கிறது, அத்தனை பேரும் மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள், தேர் இன்னும் அசையவில்லை. அந்தக் கணத்தில் இழுவை உச்சத்தில் இருக்கிறது, குதிரைத்திறன் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! சக்கரம் சுற்றவில்லையே, எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. ஒரு சாண் நகரட்டும், குதிரைத்திறன் பிறந்துவிடும். ரத வீதியில் ஓட்டம் பிடிக்கட்டும், அதே இழுவைக்குக் குதிரைகள் கூடிக்கொண்டே போகும்.

சரி, இப்போது மலைக்கு வாருங்கள். மாமாவின் பொலீரோவில் குடும்பமே அடைந்துகொண்டு ஆரியங்காவு போகிறோம். ராஜபாளையம், சிவகிரி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை எல்லாம் கடந்து புளியரை எஸ் வளைவு. நினைத்துப் பாருங்கள், முன்னால் கேரளாவுக்குப் போகிற லோடு லாரி ஆமை மாதிரி ஊர்கிறது, வலது பக்கம் ஏற இடமில்லை, பின்சீட்டில் சித்தி குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்கிறார், எனக்கோ கை பரபரக்கிறது, இந்த மேட்டில் இந்த வேகத்தில் இன்ஜின் அமுங்கிவிடும், கியரைக் குறை மாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு "பேசாம வா மாப்ள, அதுபாட்டுக்கு ஏறும்" என்கிறார், லாரி ஒதுங்குகிறது, அவர் ஆக்சிலேட்டரை லேசாக, பூவை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறார், அவ்வளவுதான், உள்ளே டர்போ ஒரு பெருமூச்சு விடுகிறது, சீட்டு முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது, அத்தனை பேரையும் அத்தனை தூக்குச்சட்டியையும் சுமந்துகொண்டு வண்டி அந்த வளைவில் அலுங்காமல் ஏறுகிறது, நான் "டார்க்! டார்க்!" என்று கத்தியே விட்டேன், குழந்தை அழுதது, சித்தி முறைத்தார், எனக்கு எதுவும் காதில் விழவில்லை! 1.5 லிட்டர் டீசல், மூணே சிலிண்டர், 210 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,600-லிருந்து 2,200 ஆர்.பி.எம். வரைக்கும் சமமாக. டிக்கெட்டை எடுங்கள், பெருக்குங்கள்: 1,600-லேயே ஏறக்குறைய 48 குதிரை மேட்டில் இறங்கிவிட்டது. இந்த வண்டியின் உச்சமே 3,600-ல் 76தான். பாதிக்கு மேல் சேனை, இன்ஜின் முனகும்போதே களத்தில்!

டீசல் கொஞ்சம் சத்தம் போடும், நாலாயிரத்துக்கு மேல் சுற்றச் சொன்னால் அடம்பிடிக்கும். போகட்டும். கனமான பிஸ்டன், அழுத்தி எரிக்கிற எரிபொருள், அதற்கு ஓடத் தெரியாது, தள்ளத் தெரியும்.

ஓட்டம் பார்க்கணுமா? ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி பெட்ரோலை நாலுவழிச் சாலையில் செகண்ட் கியரில் விரட்டுங்கள். இழுவை 4,300-ல் உச்சம், 145. அங்கே சுமார் 89 குதிரை. அதற்கு மேல் இழுவை தேயத் தொடங்குகிறது, ஆனால் முள் ஏறுகிறது, ஏறுகிறது, இன்ஜின் நாதஸ்வரத்தின் உச்சஸ்தாயியில் போய் நிற்கிறது, 6,600-ல் இழுவை 129-க்கு வந்துவிட்டது, குதிரையோ 121! இழுவை குறையக் குறையக் குதிரை கூடுகிறது. முதலில் புரியும்போது கிறுகிறுப்பாக இருக்கும், பெருக்கிப் பார்த்தால் கண் கலங்கும். எனக்குக் கலங்கியது.

உச்சத்தை இன்னும் சொல்லவில்லையே! 2005-ல் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் எஃப் 1 ஓட்டினாரே, இந்தியாவின் முதல் எஃப் 1 டிரைவர், அந்தக் காலத்து மூணு லிட்டர் வி10 இன்ஜின்கள் 18,000 ஆர்.பி.எம்.மில் சுமார் 900 குதிரையைக் கொட்டின. சூத்திரத்தைத் திருப்பிப் போடுங்கள். இழுவை வெறும் 350 சொச்சம்! ஸ்கார்பியோ-என் டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு 400. எஃப் 1 காரை விட ராஜபாளையம் ரோட்டில் போகிற ஸ்கார்பியோவுக்கு இழுவை ஜாஸ்தி! அப்புறம் எஃப் 1 எப்படிப் பறக்கிறது? கியர்பாக்ஸ்! கியர் என்பது வேகத்தை வாங்கிக்கொண்டு இழுவையைக் கொடுக்கிற வியாபாரி. பதினெட்டாயிரம் சுற்றுகிறவனிடம் விற்பதற்கு அவ்வளவு வேகம் இருக்கிறது, அதைக் கொடுத்துச் சக்கரத்தில் மலை மாதிரி இழுவை வாங்கிவிடுவான். அந்த டிராக்டர் ரகசியமும் இதுதான். மாருதியின் பாதி வேகத்தில் சுற்றி ஏறக்குறைய இரட்டிப்பு முறுக்கு, அதை கியர்கள் மேலும் மேலும் பெருக்கிப் பின்சக்கரத்தில் கொட்டுகின்றன, நடை வேகத்தில் நகர்ந்தால் போதும் என்று. ஆனால் எந்த கியராலும் ஒரு குதிரையைக்கூடப் புதிதாகப் படைக்க முடியாது, உரசலில் கொஞ்சம் தின்னும், அவ்வளவே.

இந்தப் பைத்தியத்துக்கு இப்போது கரண்ட் வண்டி வேறு வந்து தூபம் போடுகிறது. முதலில் வந்த நெக்சான் ஈ.வி.க்கு 129 பி.எஸ்., 245 நியூட்டன் மீட்டர், அந்த இழுவை நின்ற இடத்திலேயே, முதல் சுற்று தொடங்கும் முன்னாலேயே! டர்போ மூச்சு விடும்வரை காத்திருக்க வேண்டாம், கிளட்ச் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒருத்தர் வாங்கியிருக்கிறார். தினமும் காலையில் போய் அவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன், எப்படியும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சாவியைக் கொடுத்துவிடுவார்.