பாட்டி தானே சாலையைக் கடந்துவிடுவாள்

எர்ணாவூரில் ஒரு மொட்டைமாடியில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். 2024 ஜனவரியில் ஒருநாள் ‘நான் செய்த உதவி’ என்று தலைப்புக் கொடுத்தேன். 18 நோட்டுகள் வந்தன. அதில் 11 நோட்டுகளில் ஒரு பாட்டி சாலையைக் கடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கையைப் பிடித்து அழைத்துப்போனது. பாட்டி வாழ்த்தினாள். முற்றும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் அப்படியொரு பாட்டியை நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை அது. மீன்கூடையோடு வரும் பாட்டி அங்கே யார் கைக்காகவும் காத்திருப்பதில்லை. அவள் கையை உயர்த்தினால் டிரெய்லர் நிற்கும். நிற்காவிட்டால் டிரைவருக்கு ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

அப்போ இந்தப் பாட்டி எங்கிருந்து வருகிறாள்? கட்டுரைப் பயிற்சி நூல்களிலிருந்து. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்துக்குள் அவள் பல காலமாக அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். இதை ஓர் இலக்கிய வடிவமாக எடுத்துப் பார்த்தால் இதன் விதிகள் தெளிவாகத் தெரியும். உதவி செய்பவருக்கு எந்த நஷ்டமும் வராது. உதவி பெறுபவருக்குப் பெயர் கிடையாது, வாழ்த்துவதற்கு மட்டும்தான் வாய் திறக்கலாம். எழுதும் பிள்ளை எப்போதும் கொடுக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்று பிள்ளைக்கும் தெரியும், திருத்துபவருக்கும் தெரியும். ஆனாலும் சிவப்பு மையில் ‘நன்று’ விழும். எழுதுவது என்றால் மரியாதையாகப் பொய் சொல்வது என்ற முதல் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

திருக்குறளில் ஈகைக்கு 23ஆம் அதிகாரம். அதற்கு வெகு முன்னாலேயே, 11ஆம் அதிகாரமாக, செய்ந்நன்றி அறிதல் வந்துவிடுகிறது. வாங்கிக்கொண்டவரின் மனசுக்கு ஒரு முழு அதிகாரம். நம் கட்டுரை நோட்டில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கு ஒரே ஒரு சிறுமி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து வந்து வீடுகளுக்குள் புகுந்த நாட்கள். எண்ணூர் கழிமுகத்தில் மீனவர்கள் பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளியதை ஊரே பார்த்தது. இவள் வீட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கறுப்புக் கோடு. மாடி வீட்டு ஆன்ட்டி இவர்களை மேலே கூப்பிட்டுப் படுக்க இடம் கொடுத்தார், டீ கொடுத்தார். மூன்றாம் நாள் அதே ஆன்ட்டி போனில் யாரிடமோ, “எத்தன நாளைக்குத்தான் வெச்சிக்கிறது” என்று சொன்னது இவள் காதில் விழுந்தது. அதையும் எழுதியிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “இந்த வரி வேணாம்மா, உதவினவங்களப் பத்தி இப்படி எழுதக் கூடாது” என்றேன். அவள் அழித்துவிட்டு, ‘அவர் தெய்வம் போன்றவர்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து டால்ஸ்டாயின் 1862ஆம் வருடக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். குடியானவப் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்று தலைப்பிலேயே கேட்கும் கட்டுரை. தன் பண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு பழமொழியைத் தருகிறார்: கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துவது. ஒரு குடியானவன் பிச்சைக்காரனை வீட்டில் சேர்த்துக்கொள்கிறான், பிறகு அதைச் சொல்லிக்காட்டுகிறான் என்று கதை போகலாம் என்கிறார். ஃபெத்கா, சேம்கா என்ற இரு சிறுவர்கள் கதையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவசரத்தில் ஒருவன் பெண்பிள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான் என்று ஃபெத்கா சொல்லும் ஒரு விவரத்தில் டால்ஸ்டாய் அசந்துபோகிறார்.

எனக்குச் சுருக்கென்றது. டால்ஸ்டாய் பழமொழியாகக் கொண்டுவந்து கொடுத்ததை என் மாணவி மாடிப்படியில் உட்கார்ந்து தானே கேட்டிருந்தாள். கரண்டியும் காம்பும் ஒரே கையில் இருக்கும் என்று ஒன்பது வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் காம்பை அழிக்கச் சொல்லியிருந்தேன். அந்த ஆன்ட்டி கெட்டவர் இல்லை. அலுப்போடும் மூன்று நாள் வைத்துக்கொண்டார் என்பதுதான் அந்த உதவியின் எடை. அந்த வரி போனதும் எடையும் போய்விட்டது.

வடசென்னையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிவாரணப் பை, டோக்கன், வரிசை, போட்டோ என்று இங்குள்ள பிள்ளைகள் வாங்கும் பக்கத்தில் நின்று நிறையப் பார்த்திருக்கிறார்கள். தொழிற்சாலை எண்ணெய் வலையைக் கெடுத்தால் அதற்குத் தருவது இழப்பீடு. அது உதவி ஆகாது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பாட்டிக் கட்டுரை எழுதியே வளரும் பிள்ளைக்குக் கடைசிவரை பிடிபடாமல் போகலாம்.

இப்போது தலைப்பை மாற்றிவிட்டேன். ‘உனக்கு யார் உதவினாங்க? வாங்கிக்கிறப்ப எப்படி இருந்துச்சு?’ நோட்டுகள் தாமதமாகத்தான் வருகின்றன. பிள்ளைகள் யோசிக்கிறார்கள். ஒரு பையன் ஒன்றுமே எழுதாமல் திருப்பிக் கொடுத்தான். அதுவும் சரிதான்.

அந்தச் சிறுமியிடம் பழைய நோட்டைக் கேட்டேன். எடைக்குப் போட்டாச்சாம். டால்ஸ்டாயின் பிள்ளைகள் எழுதிய கையெழுத்துப் பிரதியும் இப்படித்தான் தொலைந்தது. வேறு பசங்கள் அதை மடித்துப் பட்டாசு விளையாடிவிட்டார்கள். ஃபெத்காவும் சேம்காவும் தாங்களே வந்து திரும்ப எழுதித் தருவதாகச் சொன்னார்கள். நானும் இவளிடம், “திரும்ப எழுதறியா? அந்த வரியோட” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “எழுதறேங்க்கா. ஆனா ஆன்ட்டிய மாமாவா மாத்திடறேன். அவங்க படிச்சா கஷ்டமா இருக்கும்ல.”

இதை நான் சொல்லித்தரவில்லை.