இலையின் நுனியில் ஒரு பரீட்சை

குவில்ட் தைக்கும் லாங் ஆர்ம் யந்திரங்களின் விளம்பரப் பத்திரிகை எதை எடுத்தாலும், கழுத்தின் நீளம் 18 அங்குலமா 22 அங்குலமா, மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை தையல் போடும், பாபின் எந்த அளவினது என்ற விவரங்கள் பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கும். வாங்க நினைப்பவர்கள் அவற்றையெல்லாம் முன்னமே மனப்பாடம் செய்திருப்பார்கள். சில வாரங்களாக என் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற இந்த யந்திரத்தோடு பழகிய பிறகு, நான் எழுதத்தக்கது என்று கருதும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது தையலின் அளவைச் சீராகக் காத்துத்தரும் ரெகுலேட்டர்.

சாதாரணத் தையல் யந்திரத்தில் ஊசிக்கு அடியிலுள்ள பற்கள் துணியைத் தள்ளிக்கொடுக்கின்றன. ஆதலால் தையலின் நீளத்தை யந்திரமே நிர்ணயித்துவிடுகிறது. லாங் ஆர்ம் யந்திரத்திலோ குவில்டின் மேல்துணி, நடுவிலே பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்றும் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் இருக்க, யந்திரத்தின் தலைதான் தண்டவாளத்தின் மேல் நாற்புறமும் ஓடுகிறது. கை வேகமாக ஓடினால் தையல் நீண்டுவிடும், தயங்கினால் குறுகிவிடும். ரெகுலேட்டர் இல்லாத காலத்தில், மோட்டாரின் ஒரே சீரான இரைச்சலுக்குத் தங்கள் கையைப் பழக்கி, அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்ற கணக்குப் பிசகாமல் தைத்தவர்கள் இருந்தார்கள் என்பதை நினைக்கையில், அவர்களுடைய சாதனைக்கு வணக்கம் செலுத்தத்தான் தோன்றுகிறது.

அந்தப் பொறுப்பை இப்போது இரண்டு சிறு சக்கரங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஒன்று இடவல ஓட்டத்தையும், மற்றொன்று முன்பின் ஓட்டத்தையும் அளக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து, கை கடந்த தூரம் இவ்வளவு என்று கணித்து, அதற்குத் தக்கபடி யந்திரம் ஊசியை இறக்குகிறது. வளைவுகளிலும் நீண்ட கோடுகளிலும் இதன் வேலை அற்புதமானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். நிமிடத்துக்கு 1800 தையல் போடும் மோட்டார், அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்ற அமைப்பில், விநாடிக்கு மூன்று அங்குலம் வரையில் கையைப் பின்தொடர்ந்துவிடும்; கலைஞர் ஒருவர் நிதானமாக வரையும் எந்தக் கோட்டுக்கும் அது தாராளமாகப் போதும்.

ஆனால் கோடு திரும்பும் முனை என்று ஒன்று இருக்கிறது. இலை வடிவத்தின் ஒரு பக்கத்தை வரைந்துகொண்டு மேலேறி, நுனியைத் தொட்டு, மறுபக்கமாக இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்குப் பத்து என்றால் ஒரு தையல் சுமார் 2.5 மில்லிமீட்டர். கை நுனியை அடையும் அந்தக் கணத்தில் அடுத்த தையலுக்கு வேண்டிய தூரம் பூர்த்தியாகாமல் இருந்தால், ஊசி நுனியில் இறங்காது. நுனியைத் தாண்டி மறுபக்கத்தில் இறங்கும். நூல் குறுக்கே பாய்ந்து, கூரிய இலை மழுங்கிப்போகிறது. 60 பாகைக் கோணமுள்ள நுனியில் இந்த விபத்து மிக மோசமாக நேர்ந்தால், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் காணாமற்போகும். அற்பமான அளவுதானே என்று தோன்றலாம். ஆயினும் ஒரு பெரிய குவில்டில் நூற்றுக்கணக்கான இலைகள் இருக்கும்போது, சில கூராகவும் சில மழுங்கியும் நிற்பதைக் கண் உடனே கண்டுகொள்கிறது.

இந்த யந்திரத்தில் ரெகுலேட்டருக்கு இரண்டு முறைகள் உண்டு. முதல் முறையில் கை நின்றால் ஊசியும் நின்றுவிடும். இரண்டாவது முறையில் கை நின்றாலும் ஊசி நாம் நிர்ணயித்த மந்த கதியில் இறங்கிக்கொண்டே இருக்கும். நல்ல மிருதங்கக்காரர் பாடகரை அடியொற்றிப் போவது பெரிதுதான்; ஆனால் தீர்மானத்தில் இருவரும் ஒரே இடத்தில் வந்து சேரவேண்டும் என்பதே அவருக்கான உண்மையான சோதனை. அந்தச் சோதனையில் தேறுவது இரண்டாவது முறையே. மந்த கதியை நிமிடத்துக்கு நூறு தையல் என்று வைத்துக்கொண்டால், நுனியில் கை அரை விநாடிக்குச் சற்று அதிகமாகத் தங்கினாலே போதும், ஊசி அங்கே நிச்சயமாக ஒரு முறை இறங்கிவிடும். இலை கூர்மையோடு நிற்கும். அதிகம் தங்கினால் ஒரே துளையில் நூல் குவிந்து அடித்துணியில் முடிச்சாகத் தடித்துவிடும் என்பது மெய்தான். அதற்கு வேண்டிய பழக்கத்தைக் கை சீக்கிரமே கற்றுக்கொள்கிறது.

இவ்வளவு சிறந்த வசதியைச் செய்து கொடுத்தவர்கள், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போடும் ஒவ்வொரு தடவையும் யந்திரம் முதல் முறைக்கே திரும்பிவிடும்படி ஏன் அமைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. முந்தைய நாள் மாலையில் எந்த முறையில், எந்த அளவில் தைத்தோமோ அதை நினைவில் வைத்திருப்பது இந்தக் காலத்து யந்திரத்துக்குப் பெரிய காரியமல்ல. காலையில் வந்து, திரையைக் கவனியாமல் கைப்பிடியைப் பற்றுகிறவர், முதல் வரிசை இலைகளின் நுனிகளையெல்லாம் பிரித்துத் தைக்கும்படி ஆவது நியாயமா? இத்தனை விலை கொடுத்தவருக்கு இது இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்வேன்.

மற்றொரு குறை, சக்கரங்களைப் பற்றியது. பஞ்சும் நூல் தூசியும் படிந்து சக்கரம் வழுக்கினால், அது உண்மையான தூரத்தைக் குறைத்துக் கணக்கிடும், தையல் நீளும். கிடைக்கோடுகள் சீராக இருந்து செங்குத்துக் கோடுகளில் மட்டும் தையல் நீண்டால், முன்பின் ஓட்டத்தை அளக்கும் சக்கரத்தைத் துடைக்கவேண்டும் என்று அறியலாம். இந்த எளிய உண்மையைக் கையேட்டின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடாமல், கடைசியில் எங்கோ ஓரிரு வரியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

ரெகுலேட்டர் வந்ததனால் கைத்திறன் அழிந்தது என்று வருந்துவோர் உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் படூகா நகரில் நடைபெறும் குவில்ட் போட்டியில், 1989-ஆம் ஆண்டு கேரில் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண்மணி யந்திரத்தால் தைத்த குவில்ட் முதன்முதலாகத் தலைசிறந்த பரிசைப் பெற்றபோதும் இதே வருத்தம் வேறொரு வடிவில் எழுந்தது. கையால் தைத்ததே கலை என்று பலர் நம்பியிருந்த காலம் அது. என் அபிப்பிராயம் வேறு. தையலை எண்ணும் வேலையிலிருந்து விடுபட்ட மனம், வடிவத்தின் மேல் முழுக் கவனத்தையும் செலுத்துகிறது. எங்கே தங்கவேண்டும், எங்கே விரையவேண்டும் என்ற தீர்ப்பு இன்னமும் கைக்கே உரியது.

ஆகையால் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைக்காரர் வட்டங்களும் அலைகளும் தைத்துக் காட்டினால் அதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். அவற்றை எந்த ரெகுலேட்டரும் அழகாகச் செய்யும். கூரிய இலைகள் ஒரு வரிசையை இரு முறைகளிலும் நீங்களே தைத்து, துணியைத் திருப்பி அடிப்பக்கத்து நூலையும் பாருங்கள். பிறகு யந்திரத்தை நிறுத்தி மறுபடி இயக்கி, நீங்கள் வைத்த முறை அப்படியே இருக்கிறதா என்று சோதியுங்கள். முதற் பரீட்சையில் இந்த யந்திரம் முழு மதிப்பெண் பெறுகிறது, இரண்டாவதில் தோற்கிறது. அந்தத் தோல்வியைத் தெரிந்துகொண்டே, நான் இதை வாங்கச் சொல்கிறேன்.