ராபர்ட் ரிச் யார்?

சினிமா இயக்குநரின் கலை என்பது விமர்சகர்களுக்குப் பழகிப்போன வசதி. 1954இல் பிரான்சில் த்ரூஃபோ கிளப்பிய வாதத்தை 1962இல் ஆண்ட்ரூ சாரிஸ் அமெரிக்காவில் கோட்பாடாக்கினார். 1971இல் விமர்சகர் பாலின் கேல் எதிர்க்கட்சி ஆடினார்: 'சிட்டிசன் கேன்' மான்கிவிச் எழுதிய படம் என்றார். உற்சாக மிகுதியில் இயக்குநர் வெல்ஸுக்குரிய பங்கை அடியோடு மறுத்தது அவருடைய சறுக்கல். இந்தச் சண்டையில் இரு தரப்புமே பேசாத விஷயம் ஒன்று உண்டு: பணம்.

ஹாலிவுட்டில் டைட்டிலில் பெயர் இருக்கும் எழுத்தாளருக்குத்தான் மறுஒளிபரப்புப் பங்கு வரும். அங்கே பெயர் அலங்காரமல்ல, வருமானம்.

தொடக்கக் காலத்தில் யார் பெயரைப் போடுவது என்பது ஸ்டூடியோக்காரர்களின் இஷ்டம். 1933இல் அவர்கள் சம்பளத்தைப் பாதியாக வெட்ட, அதே ஆண்டில் எழுத்தாளர் சங்கம் திரண்டது. பெயரைத் தீர்மானிக்கும் உரிமை அதன் கைக்கு வரவே நாற்பதுகள் ஆகிவிட்டன.

அடுத்து வந்தது வெட்கக்கேடான காலம். கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் பெயரை ஸ்டூடியோக்கள் நீக்கிக்கொள்ளலாம் என்று 1952இல் சங்கமே சம்மதித்தது. சிறைக்குப் போய்வந்த டால்டன் டிரம்போ எழுதிய 'ரோமன் ஹாலிடே'வுக்கான ஆஸ்கர், பெயரை இரவல் கொடுத்த நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டருக்குப் போனது. 'தி பிரேவ் ஒன்' கதைக்கு விருது பெற்ற 'ராபர்ட் ரிச்' என்பது இரவல் பெயர், அதுவும் டிரம்போதான். மேடையில் அவர் சார்பாக வேறொருவர் வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு இன்னும் கூத்து: 'ரிவர் குவாய்' திரைக்கதைக்கான விருது, ஆங்கிலத்தில் எழுதாத பிரெஞ்சு நாவலாசிரியர் பியேர் பூலுக்கு! எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். இயக்குநரே ஆசிரியர் என்ற கோட்பாடு கொடிகட்டியதும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான். யாருக்கு அது தோதாக இருந்தது என்று சாரிஸின் சீடர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

பெயரோடு வரும் வருமானத்துக்கு எழுத்தாளர்களின் 1960 வேலைநிறுத்தம்தான் முதுகெலும்பு. திரைப்படம் டிவியில் ஓடினால் எழுத்தாளருக்குப் பங்கு. கூடவே ஓய்வூதியம், மருத்துவம். எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தபோது வருமானத்தில் ஐந்தில் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் எடுத்துப் பங்கு தரும் முறையைத் தயாரிப்பாளர்கள் நுழைத்தார்கள். அதன்படி ஒரு டிவிடிக்கு எழுத்தாளருக்குக் கிடைத்தது சுமார் நான்கு சென்ட். 1988இல் ஐந்து மாதம் போராடியும் பெரிதாகத் தேறவில்லை. 2007இல் தொடங்கிய நூறு நாள் போராட்டம் இணையத்தில் கால்பதிக்க உதவியது.

2023 மே 2 முதல் 148 நாள், சுமார் 11,500 எழுத்தாளர்கள் மறியலில் நின்றார்கள். வசதியானவர்களின் முனகல் என்று சிலர் சிரித்தது பொருத்தமற்றது. தொடருக்கு அனுமதி கிடைக்கும் முன்பே இரண்டு மூன்று பேரைச் சில வாரம் அமர்த்திக் கதையைக் கறந்துகொண்டு, படப்பிடிப்புக்கு முன் அனுப்பிவிடும் 'மினி ரூம்' வழக்கம் எழுத்தாளரைத் தினக்கூலியாக்கிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்களோ எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையே மூடிவைத்தன.

வென்றதில் கனமானது செயற்கை நுண்ணறிவு பற்றிய பிரிவு. இயந்திரம் தந்த வரைவைத் திருத்தித் தரச் சொல்லி எழுத்தாளரின் ஊதியத்தைக் குறைக்கவோ, அதைக் காட்டி அவர் பெயரைப் பின்னுக்குத் தள்ளவோ இனி ஒப்பந்தம் இடம் தராது.