திருத்திய டோன் நாளைக்கும் இருக்குமா? யமஹா பிஎஸ்ஆர்-இ463

யமஹா பிஎஸ்ஆர்-இ463-இல் 758 டோன்கள் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். மேடையில் வாசிக்கிறவர்களுக்கு இருபது டோன் தாராளம். அவற்றை நம் காதுக்கு ஏற்றபடி திருத்தி, திருத்தியதை மறுநாள் அப்படியே எடுக்க முடிகிறதா என்பதே முக்கியம். 2018-இல் வந்த மாடல் இது. 2022-இல் இதன் அடுத்த மாடலான இ473 வந்துவிட்டது. அதனால் இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களுக்கு, திருத்திய டோனைச் சேமிக்கும் இந்த ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

திருத்துவதற்கு பேனலில் இரண்டு நாப். அசைன் பட்டனை அமுக்க அமுக்க அவற்றின் வேலை மாறும்: கட்ஆஃப், ரெசொனன்ஸ், ரிவெர்ப், கோரஸ், அட்டாக், ரிலீஸ். ஒரு ஸ்ட்ரிங்ஸ் டோனைப் போட்டு கட்ஆஃபை மெல்லக் குறைத்துப் பாருங்கள். காதைக் குத்தும் கூர்மை போய், ஒலி பாடகரின் குரலுக்குப் பின்னால் அடங்கி நிற்கும். அட்டாக்கைக் கூட்டினால் வில் நரம்பில் மெதுவாக ஏறுவதுபோல் ஸ்வரம் எழும்பும். ரிலீஸைக் கூட்டினால் கையை எடுத்த பிறகும் ஒலி சற்று நிற்பதால் கார்டு மாறும் இடைவெளி தெரியாது. வேகமான பாட்டில் அதே ரிலீஸ் ஸ்வரங்களைக் குழப்பிவிடும். அங்கே குறைத்தே ஆக வேண்டும். இந்த விலையில் இவ்வளவு கைக்கு அடக்கமாக ஒலியைச் செதுக்க முடிவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த வேலைகளில் நாப் மெயின் டோனையும் அதோடு சேர்ந்து ஒலிக்கும் டூயல் டோனையும் மட்டுமே மாற்றும். இடது கைக்கு வைத்த ஸ்பிளிட் டோனின் வால்யூமையோ ரிவெர்பையோ மாற்ற ஃபங்ஷன் மெனுவுக்குள் போக வேண்டும். பாட்டுக்கு நடுவில் அது நடக்காது, முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

இனிதான் கவனம் தேவை. நாப்பைத் திருகிச் செய்ததெல்லாம் வேறு டோனுக்குப் போன நொடியில் போய்விடும். புது டோன் தன் சொந்த அளவுகளோடு வந்து உட்காரும். அதனால் ஒலி பிடித்துவிட்டால் உடனே ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் போடுங்கள். 8 பேங்க், ஒவ்வொன்றிலும் 4 இடம், மொத்தம் 32. டோனோடு ஸ்டைல், டெம்போ, டிரான்ஸ்போஸ் எல்லாம் சேர்ந்தே பதியும். இந்தப் பாடகருக்கு ஒன்றரைக் கட்டை, அடுத்தவருக்கு நாலரைக் கட்டை என்று சுருதி மாறும் லைட் மியூசிக் மேடையில் டிரான்ஸ்போஸும் கூடவே வருவது எவ்வளவு நிம்மதி என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஸ்டைலையும் சேர்த்துப் பதிவதானால், சாங் எதுவும் தேர்வாகி இருக்கக் கூடாது. இருந்தால் ஸ்டைல் விவரம் பதியாது.

குறை என்று பார்த்தால், மெமரிக்குப் பெயர் வைக்க வழியில்லை. எந்த பேங்கில் எந்தப் பாட்டு என்று தாளில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் மறுபடி பதிந்தால் பழையது அழிந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பதிந்தவை கரண்டை அணைத்தாலும் போகாது. பதியாதவைதான் போகும். 30 நிமிடம் தொடாமல் விட்டால் கீபோர்டு தானாக அணைந்துவிடும் என்பதால், சவுண்ட் செக் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் பதிந்துவிட்டுப் போவது நல்லது. வலது கோடியில் உள்ள கடைசி வெள்ளைக் கீயைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் பதிந்து வைத்த பேக்கப் அழிந்துவிடும், அந்தப் பக்கம் துணியோ புத்தகமோ கிடக்கிறதா என்று பார்த்தே ஸ்விட்சைப் போடுங்கள். இடது கோடியில் உள்ள முதல் கீயைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் தானாக அணையும் வசதி மட்டும் நிற்கும். இரண்டையும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

பென் டிரைவ் செருகும் இடம் இருக்கிறது. 32 மெமரியும் ஒரே யூசர் ஃபைலாக அதில் சேமிக்கலாம். பழையதை வாங்குகிறவர்கள் கடையிலேயே பென் டிரைவைச் செருகி, சேமித்து, திரும்ப லோட் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.