தெரிவுக்கு முன்பே நடந்துவிடும் தெரிவு

1957 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அந்த அதிர்ச்சியில் அமெரிக்கா தன் பாடசாலைகளின் விஞ்ஞானக் கல்வியைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் காலத்தில் பிறந்த முயற்சிகளில் ஒன்றுதான் ‘சமர் சயன்ஸ் புரோகிராம்’. 1959இல் கலிபோர்னியாவின் ஓஹாய் என்ற சிற்றூரிலுள்ள தாச்சர் பாடசாலையில் தொடங்கிய இந்தக் கோடைக்கால வதிவிட வகுப்பு இன்று பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. பாடசாலை இறுதியாண்டுக்கு முந்திய ஆண்டில் படிப்பவர்களை எடுக்கிறார்கள். 1984இல் அட்மிரல் ரிக்கோவரும் ஜோன் டிஜெனாரோவும் தொடக்கிவைத்த ‘ரிசேர்ச் சயன்ஸ் இன்ஸ்டிடியூட்’ இதைவிடக் கடினமான வாசல். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆறு வாரம் நடக்கும் அந்தத் திட்டத்தில் கற்பிப்பதற்குக் கட்டணமே இல்லை. விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட உள்ளே போவதில்லை.

இத்தகைய திட்டங்களின் அறிவிப்புகள் இப்போது கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேர எந்தத் தடையும் இல்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பாவோ லண்டனில் இருக்கும் மாமியோ ஓர் இணைப்பை அனுப்பி, “பிள்ளை கெட்டிக்காரன்தானே, போட்டுப் பார்க்கச் சொல்லு” என்று சொன்னால் போதும். அப்படி அனுப்பப்பட்ட இணைப்பை வைத்துக்கொண்டு ஒரு வன்னி மாணவர் என்ன செய்ய வேண்டும்? இந்தத் தெரிவு முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, எடுக்கவே கூடாதது எது? மெச்சுவதோடும் ஏசுவதோடும் நிறுத்தாமல் இந்த வாசலைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சமர் சயன்ஸ் புரோகிராமின் வானியல் வகுப்பில் மாணவர்கள் மூவர் மூவராகப் பிரிந்து, பூமிக்கு அருகால் செல்லும் ஒரு சிறுகோளைத் தெரிந்தெடுக்கிறார்கள். பல இரவுகள் தொலைநோக்கியால் அதைப் படம் பிடிக்கிறார்கள். பின்னால் தெரியும் விண்மீன்களை அளவுகோலாக வைத்து அந்தப் புள்ளி வானத்தில் எங்கே நிற்கிறது என்று அளக்கிறார்கள். மூன்று வெவ்வேறு நேரத்து அளவீடுகள் கிடைத்துவிட்டால் அதன் சுற்றுப்பாதையைக் கணித்துவிடலாம். 1801இல் பியாற்சி கண்டுபிடித்துச் சூரிய வெளிச்சத்தில் தொலைந்துபோன சீரெஸை மீண்டும் பிடிக்க இளம் கணிதவியலாளர் காவுஸ் கையாண்ட வழி அது. கணிப்புக்கான கணினி நிரலை மாணவர்களே எழுத வேண்டும். அளவீடுகள் கடைசியில் சிறுகோள் மையம் எனப்படும் சர்வதேசப் பதிவகத்துக்குப் போகின்றன. இரவில் முகில் மூடினால் அன்றைய வேலை போயிற்று. விடை ஆசிரியரிடம் இல்லை, விடைத்தாளின் பின்பக்கத்திலும் இல்லை.

இதை எங்கள் உயர்தர வகுப்போடு ஒப்பிட்டால் நெஞ்சு வலிக்கிறது. எங்களுடைய பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் இன்று செய்முறைப் பரீட்சை இல்லை. அதற்குப் பதிலாக இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்கள் வரும். மீற்றர்ப் பாலத்தில் சமநிலைப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பாய், எந்த வழுவை எப்படிக் குறைப்பாய் என்று கேட்பார்கள். கம்பியை ஒருநாளும் தொடாத பிள்ளை, பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்துபார்த்தே அதற்கு முழுப் புள்ளியும் எடுக்கலாம். எடுக்கிறார்கள்தான். கல்வனோமானியின் முள் நடுங்குவதையும், தொடுசாவி சரியாகத் தொடாததால் வாசிப்பு மாறுவதையும், ‘ஏன் எனக்கு மட்டும் இப்படி வருகிறது’ என்று குழம்பி நிற்பதையும் அவர்கள் அறிவதேயில்லை. அந்தக் குழப்பத்தில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

அப்படியென்றால் வன்னிப் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டங்கள் எட்டாத உயரமா? பாட அறிவைப் பொறுத்தவரை இல்லை. எங்கள் இணைந்த கணிதம் இலேசான பாடம் அன்று. காவிகளையும் இயக்கவியலையும் நுண்கணிதத்தையும் ஒழுங்காகப் படித்த ஒருவருக்கு காவுஸின் முறையைப் பின்தொடர வேண்டிய அடித்தளம் கையில் இருக்கிறது. வானமும் எங்கள் பக்கம்தான். துணுக்காய்ப் பக்கத்து வயல்வெளியில் மாசி மாத இரவில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வட அகலக்கோடு ஒன்பது பாகை என்பதால் வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரமும் தெற்கே தென்சிலுவையும் எங்களுக்குத் தெரியும். கலிபோர்னியாவுக்கு அந்தத் தென்வானம் இல்லை. ஆனால் நாட்டின் பெரிய தொலைநோக்கி, ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்ரிமீற்றர்க் கருவி, மொறட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில், மாநகர வெளிச்சத்துக்கு நடுவே நிற்கிறது.

விண்ணப்பப் படிவத்திலும் ஒரு நல்ல விடயம் இருக்கிறது. உன்னை விடாமல் துரத்தும் கேள்வி எது, எதில் தோற்றாய், தோற்ற பிறகு என்ன செய்தாய் என்று அது கேட்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை எங்கள் பிள்ளைகளிடம் யாரும் கேட்காத கேள்விகள் இவை. ஒரு மாணவி மேசையில் உட்கார்ந்து இதற்கு விடை எழுத முயன்றாலே, இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவளுக்கு ஏதோ ஒன்று நடந்துவிடுகிறது. விண்ணப்பிப்பதை நான் ஊக்குவிப்பதற்கு முதற் காரணம் இதுதான்.

இனிக் குறைகள். மொழி, கடவுச்சீட்டு, கொழும்பில் விசா நேர்முகம், விமானச் செலவு என்று எல்லோருக்கும் தெரிந்த தடைகளை அடுக்கிக்கொண்டு போகலாம். அவை பெரியவைதாம், ஆனால் காசாலும் உதவியாலும் தீரக்கூடியவை. சமர் சயன்ஸ் புரோகிராமின் பழைய மாணவரும் குவால்கொம் நிறுவனத்தின் இணை நிறுவுநருமான பிராங்க்ளின் அன்ரோனியோ 2022இல் காலமானபோது அந்தத் திட்டத்துக்கு 20 கோடி டொலர் எழுதிவைத்தார். பணம் இருக்கிறது. காசால் தீராத தடைகளே என்னை உறுத்துகின்றன.

ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவரை நன்கறிந்த விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் எழுத வேண்டும். வகுப்பில் அவர் கேட்ட கேள்வி, எடுத்த பிடிவாதம், தானாகச் செய்த வேலை எல்லாம் அதில் வர வேண்டும். வன்னியில் இந்தக் கடிதத்தை யார் எழுதுவது? கஷ்டப் பிரதேச சேவைக்காக வரும் ஆசிரியர், காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விடியக் காலை பஸ் ஏறி வந்து, பாடம் எடுத்து, மாலையில் திரும்பிப் போய்த் தன் பிள்ளைகளைப் பார்க்கும் மனிதர் அவர். ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரே மாணவரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த பௌதிகவியல் ஆசிரியர் பல பாடசாலைகளில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் ரியூசன் வகுப்பில் ஆசிரியருக்கு முகங்கள் தெரியும், பெயர்கள் தெரியாது. கடைசியில் அதிபரின் பணிமனையில் கிடைப்பது நற்சான்றிதழ்: ‘இவர் ஒழுக்கமும் பணிவும் உள்ள மாணவர், பாடசாலையின் இணைப்பாடவிதானச் செயற்பாடுகளில் ஆர்வத்துடன் பங்குபற்றியவர்.’ பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் இருந்து அதை வாசிப்பவருக்கு, இந்த மாணவரிடம் சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்றே தோன்றும்.

அடுத்தது, ‘பாடசாலைக்கு வெளியே நீர் செய்தவை’ என்ற பகுதி. அதில் விஞ்ஞானக் கழகம், ஒலிம்பியாட் பதக்கம், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பயிற்சி என்று நிரப்புகிறவர், அவையெல்லாம் கிடைக்கும் இடத்தில் பிறந்தவர். தாய் தோட்டக் கூலிக்குப் போக, விடியற்காலையில் மாடு கறந்து, தம்பி தங்கையை வெளிக்கிடுத்தி, சைக்கிளில் பாடசாலைக்கு வரும் பெண்பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்றே தெரியாது. வெறுமையாக விட்டுவிடுவாள். தான் செய்பவை ‘செயற்பாடு’ என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இறுதிப் போரின்போது கைக்குழந்தையாகவோ வயிற்றிலோ இருந்தவர்கள்தாம் இன்று எங்கள் உயர்தர வகுப்புகளில் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவரையாவது இழக்காத வீடு அருமை. அந்த வாழ்வை அனுதாபம் தேடும் கதையாக மாற்றி எழுதச் சொல்லும் ஆலோசகர்களும் உண்டு. அதை நான் ஏற்க மாட்டேன். பிள்ளை தன் துயரத்தை விற்றுத்தான் இடம் வாங்க வேண்டும் என்றால் அந்த இடமே தேவையில்லை.

மேலே சொன்ன எதிலும் திறமையின் குறைவு இல்லை. ஆனாலும் விண்ணப்பம் அனுப்பப்படும் முன்பே தெரிவு நடந்து முடிந்துவிடுகிறது.

திறமைக்கே முதலிடம், மற்றதெல்லாம் சலுகை என்பார்கள் சிலர். இந்த வாதத்தைத் தமிழர்களாகிய நாம் வலியோடுதான் கேட்கிறோம். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குச் செய்தது அநீதி, அதில் இரண்டாம் பேச்சில்லை. 1974இல் வந்த மாவட்டக் கோட்டாவை நான் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இன்று பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமாகும் வரை, அங்கத்தைய பிள்ளைகள் யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரிகளோடு ஒரே கணக்கில் போட்டியிட வேண்டியிருந்தது. இன்று வன்னியிலிருந்து மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வெளிவரும் பலர் கோட்டாவால் போனவர்கள், போய்த் தேறியவர்கள். குறைந்த வெட்டுப்புள்ளியைத் தேடி வெளிமாவட்டத்தவர் இங்கே பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற மனத்தாங்கலும் நியாயமானதே. எந்த ஒதுக்கீட்டுக்கும் காவல் தேவை. அதற்காக ஒதுக்கீடே வேண்டாம் என்பது முடிவாகாது.

இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று, விஞ்ஞானத்தில் வாய்ப்புக் குறைந்த சமூகத்து மாணவர்களுக்கு நடத்தும் கோடைத் திட்டங்களைச் சாரா கொஹோட்ஸ், ஹெலன் ஹோ, சில்வியா ரோபிள்ஸ் ஆகிய மூவர் ஆராய்ந்து 2022இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். தகுதி பெற்ற விண்ணப்பதாரிகளுக்குள் குலுக்கல் முறையில் இடம் கொடுத்து, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பின்தொடர்ந்தார்கள். இடம் கிடைத்தவர்கள் விஞ்ஞான, தொழில்நுட்பத் துறைகளில் பட்டம் பெறுவது கூடியிருந்தது. இதில் எனக்கு இரண்டு பாடங்கள். சில வார வகுப்பு உண்மையாகவே ஒரு வாழ்க்கையைத் திருப்பும். தகுதி எல்லையைத் தாண்டியவர்களுக்குள் சீட்டுக் குலுக்குவது கேவலமான முறையல்ல. பதின்ம வயதுப் பிள்ளைகள் நூறு பேரை ஒன்று முதல் நூறு வரை வரிசைப்படுத்தும் அறிவு எந்தக் குழுவுக்கும் கிடையாது.

பக்கத்து நாட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2019 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘யுவிகா’ என்ற முகாமை நடத்துகிறது. அதன் தெரிவில் பாதி எட்டாம் வகுப்புப் புள்ளிக்குப் போய்விடுகிறது. அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 15 வீதத்தைப் பஞ்சாயத்துப் பகுதிப் பாடசாலையில் படிப்பவர்களுக்கு என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளை அங்கே யாரிடமும் தன் கஷ்டத்தை விவரிக்க வேண்டியதில்லை. விதியே அதைக் கணக்கில் எடுத்துவிட்டது.

எங்களிடம் இதற்கு வேண்டியவை இல்லாமல் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. பம்பைமடுவில் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அமெரிக்கக் கோடைத் திட்டங்கள் ஜூன், ஜூலையில், எங்கள் இரண்டாம் தவணையின் நடுவில் வருகின்றன. எங்களுக்கு விடுமுறை ஓகஸ்டில். உயர்தர முதலாம் வருடத்தவர்களுக்குப் பரீட்சை நெருக்கடி இல்லாத நேரம் அது. இரண்டு வாரம், நாற்பது பிள்ளைகள், தமிழ்மொழியில், சாப்பாடும் தங்குமிடமும் இலவசமாக ஒரு முகாம் நடத்தலாம்.

சிறுகோள்தான் வேண்டும் என்றில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காரணம் முழுதாகத் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்றிலும் அயல் கிணறுகளிலும் தண்ணீர் கொண்டு வரட்டும். வன்மை, புளோரைட்டு, மின்கடத்துதிறன் அளந்து வரைபடமாக்கட்டும். ஒரு கிணறு ஏன் அயல் கிணற்றிலிருந்து வேறுபடுகிறது என்று சண்டை பிடிக்கட்டும். நோயின் காரணத்தை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அளவீடு என்றால் என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிவார்கள். விடை யாருக்கும் தெரியாத கேள்வியோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

தெரிவும் எளிதாக இருக்கட்டும். சாதாரணதரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஒரு குறைந்தபட்சப் பெறுபேறு, தமிழில் ஒரு பக்கத்தில் தன் கேள்வி, அதன் பிறகு வலயவாரியாகக் குலுக்கல். துணுக்காய் வலயத்துக்கும் வவுனியா வடக்கு வலயத்துக்கும் கட்டாய இடங்கள் வேண்டும். மூன்று வருடமாவது அந்தப் பாடசாலைகளில் படித்திருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பியுங்கள். ஆனால் உங்களைத் ‘தெரிவுசெய்துவிட்டோம்’ என்று அறிவித்த கையோடு ஆயிரக்கணக்கான டொலர் கேட்கும் எதையும் நம்பாதீர்கள். பெயர் பெற்ற திட்டங்கள் ஏழை மாணவரிடம் அந்தக் காசைக் கேட்பதில்லை. கிடைக்காவிட்டால் அது உங்கள் மூளையைப் பற்றிய தீர்ப்பு என்று எடுக்காதீர்கள். ஆசிரியர்களே, நற்சான்றிதழ் அச்சுப்படிவத்தை ஒருமுறை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பிள்ளை கேட்ட ஒரு கேள்வியையாவது நினைவுபடுத்தி எழுதிக்கொடுங்கள். பல்கலைக்கழகப் பீடாதிபதிகளே, வலயக் கல்விப் பணிமனையினரே, புலம்பெயர்ந்த எங்கள் உறவுகளே, ஒரு பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பச் சேர்க்கும் காசை வைத்தே வரும் ஓகஸ்டில் அறிவியல் நகரில் இந்த முகாமைத் தொடங்க முடியும்.