ஆடவர் அணியும் அதன் விலையும்

அணி மகளிர்க்கே உரியது. ஆண்மைக்கு அஃது இழுக்கு என்பார் உளர். பழந்தமிழ்ப் பாட்டுகள் இக்கூற்றுக்கு இடந்தருவதில்லை. ஆடவனும் பிறர் கண்ணைக் கவர விழைகின்றான். அதற்கென்றே உடலைப் புனைகின்றான். ஆனால், அவ்விழைவுக்கு அவன் கொடுக்கும் விலை யாது என்பதில் பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு உண்டு.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளை உடையது. அதில் தலைவன் கோலத்தைச் செவிலிக்கு எடுத்துரைப்பவள் தோழி. எண்ணெய் நீவி அகிற்புகை ஊட்டிய குஞ்சி, பலவகைப் பூக்களால் ஆகிய கண்ணி, சாந்து பூசிய மார்பு, ஒரு காதில் அசோகந்தளிர் என ஒன்றையும் விடாது கூறுகின்றாள். வேட்டைக்கு வந்தவனுக்கு இத்துணை ஒப்பனை எதற்கு? காணப்பட வேண்டும் என்னும் ஆசையே காரணம். எனினும், கபிலர் அவனை வெறும் அழகனாக விட்டுவிடவில்லை. மதயானை சினந்து பாய்ந்தபோது அம்பு தொடுத்து மகளிரைக் காப்பவனும் அவனே. கோலம் கண்ணை ஈர்த்தது. நெஞ்சைப் பெற்றது செயல்.

மடலேறுவேன் என்பவன் கோலம் இதற்கு நேர்மாறானது. பனைமடலே அவன் குதிரை; எருக்கம்பூவே அவன் கண்ணி. மடல் பாடிய மாதங்கீரனாரின் குறுந்தொகைப் பாட்டில் அவன் வெள்ளெலும்பையும் அணிகின்றான். ஊர் எள்ளி நகைக்க வேண்டும் என்பதே அவன் கருத்து. இங்கு விலையாகக் கொடுக்கப்படுவது அவனுடைய நாண். ஆயினும், அவனோடு தலைவியின் பெயரும் தெருவுக்கு இழுக்கப்படுவதை மறத்தலாகாது.

உலாவில் இந்நிலை முற்றும் மாறுகின்றது. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலாவில் பவனி வருபவன் இறைவன். அவன்பால் கொள்ளும் மயக்கம் உயிரின் வேட்கையாகப் பொருள்படும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் அவ்விடத்தில் சோழ மன்னர் மூவரை அமர்த்தினார். மன்னன் நீராடுகின்றான், அணி பூணுகின்றான், யானைமேல் வருகின்றான். அவனைக் காண்போரே வளையையும் துயிலையும் இழக்கின்றனர். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவரும் மயங்க வேண்டும் என்பது மரபு. பேதை என்பாள் ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமி! அச்சிறுமியின் நெஞ்சையும் ஒருவன் புகழுக்குச் சான்றாக வேண்டும்போது, பாட்டு அழகைப் போற்றவில்லை; செருக்குக்குப் பணி செய்கின்றது.

கூத்தரின் சொல்வளம் மறுக்கற்பாலது அன்று. ஆனால், வகுப்பறையில் அணிகளை எண்ணிக் காட்டுவதோடு உலாப் பாடம் முடிந்துவிடுதல் கூடாது. அணிந்தவன் என்ன கொடுத்தான், கண்டவர் என்ன இழந்தனர் என்று மாணவர் கேட்கப் பழகுவாராயின், பாட்டின் நயமும் குறையும் அவர்க்கு ஒருங்கே விளங்கும்.